வெள்ளிக்கிழமை மெயின் சுவிட்ச்

லினக்ஸைக் குறை சொல்ல வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்க ஊர்ல கரண்ட் எப்படி?" என்பதுதான். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தபோது கற்றுக்கொண்ட கேள்வி இது. பிரிவு என்றால் நான் ஒருத்தி மட்டும்.

இரண்டாயிரத்தின் தொடக்கம். அங்கே லினக்ஸ் சர்வரைக் கொண்டுவந்ததே நான்தான். வாரம் முழுக்க ஒழுங்காக ஓடும் மிஷின், வெள்ளிக்கிழமை மதியம் நாங்கள் சாப்பிட்டுத் திரும்பும்போது மட்டும் அணைந்துபோய், புதிதாக எழுந்துகொண்டிருக்கும். டிஸ்க்கில் பிழை என்று மூலைமூலையாகத் தேடும். துறைமுகத்துக்குப் போகிற லாரி வாசலில் நிற்கும். அதற்கான பேக்கிங் பட்டியல் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும். சில வாரம் காலையில் அடித்த விவரங்களே காணாமல் போயிருக்கும். டிஸ்க்கை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். ம்ஹும்.

மேனேஜர் பொறுமை இழந்தார். "பெரிய பேஜாரா போச்சும்மா. வர்ற வெள்ளிக்கெழம வேலூர்லேர்ந்து கம்ப்யூட்டர் கடைக்காரர் வர்றாரு. அன்னிக்கும் இப்படியே நின்னுச்சுன்னா, இத தூக்கிட்டு வேற வெச்சுடுவோம். அப்புறம் எல்லாத்தையும் அவங்க ஆளுங்களே பார்த்துப்பாங்க."

என் வேலை போய்விடும் என்பதைத்தான் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. தப்பு என் மிஷினில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை நான் சாப்பிடப் போகவில்லை. ஜும்மா தொழுகைக்கு ஆட்கள் கிளம்ப, தொழிற்சாலை காலியானது. சர்வர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். திடீரென்று ஃபேன் நின்றது. யு.பி.எஸ். கத்தத் தொடங்கியது. ஜன்னல் வழியே பார்த்தால், எலக்ட்ரீஷியன் பாய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, தொப்பியைச் சரிசெய்தபடி போய்க்கொண்டிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லினக்ஸ் எல்லாவற்றையும் அப்போதைக்கப்போதே டிஸ்க்கில் எழுதாது. பாத்திரங்களைச் சேர்த்துவைத்துக் கழுவுவதுபோல, கேஷ் என்கிற தற்காலிக நினைவகத்தில் சேர்த்துவைத்து எழுதும். யு.பி.எஸ். பேட்டரியோ பழசு, தொழுகை முடியும்வரை தாங்காது. அது செத்ததும் கேஷில் இருந்ததெல்லாம் போச்சு. பாய் திரும்பி வந்து சுவிட்சைப் போட்டதும் மிஷின் தானே எழுந்து டிஸ்க்கைச் சோதிக்க உட்கார்ந்துவிடும். பிறகு வருகிறவர்களுக்குக் கரண்ட் போனதே தெரியாது.

யு.பி.எஸ். கத்திக்கொண்டிருக்கும்போதே ஷட்டவுன் கொடுத்தேன். சேர்த்துவைத்ததையெல்லாம் எழுதி முடித்துவிட்டு மிஷின் சாதுவாக அணைந்தது.

தொழுகை முடிந்து வந்து சுவிட்சைப் போட்ட பாயிடம், ஏன் இறக்கினார் என்று கேட்டேன்.

"ஆளில்லாதப்ப தோல் பதப்படுத்துற டிரம் சுத்துனா ஆபத்து மேடம். எப்பவும் எறக்கிட்டுத்தான் போவேன்" என்றார்.

நியாயம்தான். "தாராளமா எறக்குங்க பாய். அதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க, போதும்" என்றேன்.

கடைக்காரரோடு மேனேஜர் உள்ளே நுழைந்தபோது மிஷினைப் போட்டேன். அவர்கள் விலை பேச உட்காருவதற்குள் அது தயார். காலையில் அடித்ததில் ஒரு வரிகூடக் குறையவில்லை. லாரிக்கான பட்டியல் பிரிண்டரிலிருந்து சரசரவென்று வந்து விழுந்தது.

"இன்னா, அதுக்குள்ள வந்துடுச்சா?" மேனேஜர் என்னைப் பார்த்தார். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினார். "சார், டீ சாப்ட்டுட்டு கெளம்புங்க."

அந்த டீயை நான்தான் வாங்கிக் கொடுத்தேன், பட்டர் பிஸ்கட்டோடு.