பொட்டு வைத்த இரண்டாவது மிஷின்

கடலூரில் ஒரு அலாரம் கண்காணிப்பு அறை. அது படுத்துவிட்டால் வேலையை வாங்கிக்கொள்ள சிதம்பரத்தில் இன்னொன்று. இந்த இரண்டாவதற்கு நான்தான் பொறுப்பு. நகைக்கடை, குடோன், ஐஸ் ஃபேக்டரி என்று எங்கே அலாரம் அடித்தாலும், அங்கே மாட்டியிருக்கும் பெட்டி தானாகக் கடலூருக்கு போன் போடும். அங்கே எடுக்காவிட்டால் சிதம்பரத்துக்குப் போடும். யாராவது எடுக்கும்வரை விடாமல் மாற்றி மாற்றிப் போடும். வருஷம் பூரா என் மிஷினுக்கு வேலை என்று ஒன்றும் இருக்காது. ஆனால் தயாராக இருக்க வேண்டும்.

அது கரண்ட் கட்டு காலம். வாரம் ஒருமுறை மெயினைப் பிடுங்கிவிட்டு, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பேன். மாதம் ஒருமுறை கடலூர்க்காரர்களை லைனைக் கழற்றச் சொல்லி, கால் இங்கே வருகிறதா என்று பார்ப்பேன். எல்லாம் நோட்டில் ஏறும். ஒரு வாரம் தவறியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் என் மனைவியின் தம்பி வேலை பார்த்தான். ஐஸ் உறைய வைக்கிற அமோனியா கேஸ் கசிந்தால் அடிக்கிற அலாரத்தை அங்கே மாட்ட வைத்ததே நான்தான். ஒண்டியாக நிற்கிறவனுக்கு ஒன்றென்றால் யாருக்குத் தெரியும் என்று ஓனரிடம் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். மச்சானிடமும் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

"பெல் அடிச்சிதுன்னா வெளிய ஓடியாந்துடு மச்சான். நீ எதையும் தொடாத. நாங்க ஆள அனுப்புவோம்."

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. கடலூர் மிஷினை நிறுத்த வழியில்லை. அதற்கும் சேர்த்து என் மிஷினுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஸ்டேண்ட்பைதானே, ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ போட்டு, சுவிட்சை அணைத்தேன். மறுநாள் காலை மறுபூஜை ஆகும்வரை யாரும் தொடக் கூடாது. கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன்.

மத்தியானம் கடலூரில் நல்ல மழை. கேபிளில் தண்ணீர் இறங்கி, அறைக்கு வந்த அத்தனை லைனும் செத்துவிட்டது. அங்கிருந்த ஆபரேட்டர் தன் செல்லிலிருந்து கூப்பிட்டான்.

"சார், இங்க ஒரு லைனும் இல்ல. நீங்க எடுத்துக்கிட்டீங்கல்ல?"

வண்டியை எடுத்துக்கொண்டு கீழ வீதி வழியாக ஓடினேன். பூட்டைத் திறந்தேன். சுவிட்ச் மாலைக்குக் கீழே இருந்தது. எனக்குக் கை போகவில்லை. இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. காலைக் கழுவிக்கொண்டு வந்து, தீப்பெட்டியைத் தேடி, கற்பூரம் ஏற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பூவை எடுத்து ஓரமாக வைத்த பிறகுதான் போட்டேன். மிஷின் எழுந்து நிற்கவும் கொஞ்ச நேரம் பிடித்தது. அது அச்சடித்துத் தள்ளிய முதல் சீட்டே ஐஸ் ஃபேக்டரி, கேஸ் கசிவு.

தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னேன். மச்சானுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன்.

சாயங்காலம் கடலூர் ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தேன். கண் இரண்டும் வீங்கியிருந்தது. பெல் அடித்ததும் நான் சொன்னபடியே வெளியே வந்திருக்கிறான். கேட்டருகே நின்று ரோட்டையே பார்த்திருக்கிறான். யாரும் வரவில்லை. காற்று எதிர்வீடுகள் பக்கம் அடித்தது, மழை விட்டிருந்ததால் அங்கே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடியிருக்கிறான். பின்னால் கண் சரியாகிவிட்டது. குரல் மட்டும் பழையபடி வரவே இல்லை.

"ஒங்க மிஷினுக்கு என்னாச்சி மாமா?" என்று கேட்டான்.

"ஆயுத பூஜன்னு நிறுத்தி வச்சிருந்தேன்."

அவன் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் இருமினான்.

"நாங்களும் காலையில கும்புட்டோம் மாமா," என்றான். "கம்ப்ரஸர நிறுத்துனா ஐஸ் போயிடும்ல. ஓட ஓடத்தான் பொட்டு வச்சோம்."