கூரைமேல் வந்து கத்திய ஆந்தை

ஸ்பிரிங்வெளிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எனக்கு வானம் பார்க்கிற பைத்தியம் என்று பெயர். தொழிற்சாலை வேலை முடிந்ததும் தண்ணீர்த் தாங்கி மேட்டில் போய் நின்றுவிடுவேன். பாம்புக் கழுகு எந்த மரத்தில் உட்காரும், வல்லூறு எப்போது கோழிக்குஞ்சுக்கு வரும் என்பதெல்லாம் அத்துப்படி. லயத்துக்குப் பின்னால் பட்டுப்போன சவுக்கு மரப் பொந்தில் ஓர் ஆந்தை குடியிருப்பதை முதலில் கண்டவனும் நான்தான். பெருமையாக எல்லோரிடமும் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அந்த மாதம்தான் அக்காவைப் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். நெஞ்சில் நோய், இனிச் செய்ய ஒன்றுமில்லை. அவளுடைய ஒரே மகள் குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள். அவளுக்கு லீவு கிடைத்து வந்து சேரும்வரை உயிர் தங்க வேண்டும் என்பது ஒன்றுதான் அக்காவின் வேண்டுதல். மகள் எப்போது வருவாள் என்று தினமும் கேட்பாள்.

நோயாளி இருக்கும் வீட்டருகே ஆந்தை கத்தினால், அடுப்பில் உப்பும் காய்ந்த மிளகாயும் போட்டு அதைத் திட்டித் தீர்ப்பது எங்கள் லயத்து வழக்கம். என் ஆந்தை இரவில் கத்தத் தொடங்கியதும் பக்கத்து வீட்டுக்காரிகள் போட்டார்கள். அந்தப் புகையில் அக்கா இருமி இருமி மூச்சுக்குத் தவித்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. இனி எவளும் மிளகாய் போடக்கூடாது என்று சத்தம் போட்டேன். ஆந்தை எலி தின்கிற பறவை, அதற்கு யார் உயிரும் வேண்டாம் என்று அக்காவுக்கும் விளக்கினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. புள்ள வர்ற வரைக்கும் அத கத்த விடாத."

மறுநாள் பொழுது சாயும்போது ஆந்தை இரை தேடிப் பறந்ததும், ஏணி வைத்து ஏறி, கொழுந்துச் சாக்கைச் சுருட்டிப் பொந்தை இறுக்கி அடைத்தேன். உள்ளே கையை விட்டுப் பார்க்கவில்லை. குஞ்சு பொரிக்கும் காலம் என்று தெரிந்தவன் நான். அவசரம் கண்ணை மறைத்துவிட்டது.

அன்றிலிருந்து அது எங்கள் தகரக் கூரையில் வந்து உட்கார்ந்து கத்தியது. நகம் தகரத்தைக் கீறுவது அக்காவின் கட்டிலுக்கு நேர் மேலே கேட்டது. அக்கா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்: பொந்தை அடைத்தது நான், உள்ளே குஞ்சு இருக்கும் போல. அவள் போர்வையை விலக்கிக் கூரையைப் பார்த்தாள்.

"அப்ப அது என்னைய கூப்புடல. அதோட புள்ளையத்தான் கூப்புடுது. போய் தொறந்து விடுடா."

ஓடினேன். சாக்கை இழுத்தேன். இரண்டு குஞ்சுகள் விறைத்துக் கிடந்தன. தூவி மட்டும் மெத்தென்று இருந்தது. இப்போதும் அந்த மரத்தைக் கடக்கும்போது கை கூசுகிறது. மரத்தடியில் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, இரண்டும் நன்றாக இருக்கின்றன, தாய் வந்து சேர்ந்துவிட்டது என்றேன். அக்கா சிரித்தாள். அவள் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் கூரைமேல் மறுபடியும் அதே சத்தம்.

"புள்ளதான் கெடைச்சிருச்சே, இன்னும் ஏன் கத்துது?"

நான் குனிந்து போர்வையைச் சரிசெய்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். மகள் எப்போது வருவாள் என்று கேட்பதை அன்றோடு நிறுத்திவிட்டாள்.