மாமா இழுத்த கயிறு

சங்கு குளிக்கப் போகிற எங்கள் ஆட்கள், கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். கூடப்பிறந்தவளின் தாலி அறுபட எந்த அண்ணனும் விடமாட்டான் என்பது கணக்கு. என் அப்பா முங்கும்போது தோணியில் கயிற்றைப் பிடித்திருந்தவரும் அம்மாவின் அண்ணன்தான். யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம் அந்தக் கணக்கு தப்பிவிட்டது. மேலே இழுக்கச் சொல்லி அப்பா கீழேயிருந்து கயிற்றைச் சுண்டுவார் என்று மாமா காத்திருந்தார். சுண்டவே இல்லை. பயந்துபோய் இழுத்தபோது நுனியில் கட்டிய சங்குப் பை மட்டும் மேலே வந்தது. அப்பா மறுநாள் கரை ஒதுங்கினார்.

அதற்குப் பிறகு மாமாவால் உறங்க முடியவில்லை. உறக்கம் வராமல் இல்லை. கண் செருகும் அந்த நேரத்தில்தான் விலுக்கென்று எழுந்து உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பார். வேர்த்துக் கொட்டும். செத்தேன் என்பார். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். மறுபடி படுத்தால் மறுபடி அதே கதை. உறங்காத கண்ணோடு வந்தால் இன்னொரு சாவு விழும் என்று அவரைத் தோணியில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். அம்மாவுக்கும் எனக்கும் சோறு போட அவரை விட்டால் ஆளில்லை.

ஊரில் வைத்தியத்துக்கா பஞ்சம்? கோயில் எண்ணெயை நெஞ்சில் தடவினார்கள். பூண்டை இடித்துக் கருப்பட்டியோடு கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, நிம்மதியாகத் தூங்கு என்றார். அது முடியாமல்தானே அங்கே போனது! பக்கத்து வீட்டுக்காரி குசினி வாசலில் நின்று, அடுப்பு ஊதிக்கொண்டிருந்த அம்மாவிடம், "ஏளா, செத்தவன் நெஞ்சுல ஏறி உக்காருதான். ஒம் புருசன் இவன விடமாட்டான்" என்றாள்.

"அவுக அப்பிடிப்பட்ட ஆளில்ல" என்றாள் அம்மா.

அன்று மத்தியானம் மாமா பாயில் சாய்ந்ததும், அம்மா பரணில் கிடந்த அப்பாவின் கயிற்றை எடுத்துவந்து ஒரு நுனியைத் தன் மணிக்கட்டில் கட்டினாள். மறு நுனியை மாமா கையில் கொடுத்துவிட்டு எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். கயிற்றை மட்டும் விடவில்லை.

அவருக்குக் கண் செருகியது. அம்மா கயிற்றைச் சுண்டினாள். மாமா விழுந்தடித்து எழுந்து, மூச்சு முட்ட, இரண்டு கையாலும் மாறி மாறி இழுத்தார். அம்மா தடுக்கவில்லை. தரையில் உடம்பு தேய, இழுத்த இழுப்புக்கு அவரிடம் போய்ச் சேர்ந்தாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், நா ஏறிட்டேன் மச்சான்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சொந்த அண்ணனைப் போய் யாராவது மச்சான் என்பார்களா? பிறகு அம்மாவிடமே கேட்டேன்.

"ஒங்கப்பா சொல்ல வேண்டியதுளா. சொல்லாமப் போயிட்டாக."

ஒரே நாளில் தீரவில்லை. அம்மாவின் முழங்கையில் தோல் உரிந்தது. இழுப்பது மெல்லக் குறைந்து, ஒரு மத்தியானம் மாமா கயிற்றைப் பிடித்தபடியே குறட்டை விட்டு உறங்கினார். இனி அம்மாவும் படுக்கட்டும் என்று அவள் மணிக்கட்டு முடிச்சை அவிழ்க்கப் போனேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். கயிற்றைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். மாமா முழித்துக்கொள்வார் என்பதற்காகத்தான் அவிழ்க்க விடவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் சத்தம் போடாமல் விளையாடப் போய்விட்டேன்.