செல்லாயியின் நெறிக்கட்டி

போன வாரம் கடைவாய்ப் பல்லைக் காட்ட ஈப்போவில் ஒரு பல் டாக்டரிடம் போயிருந்தேன். பஞ்சில் கிராம்புத் தைலத்தை நனைத்து வைத்து, வலி நின்றதா என்று கேட்டார். எனக்குப் பல் எங்கே நினைவிருந்தது? இருபதுகளில் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளனாக இருந்த நாட்களுக்குப் போய்விட்டேன். சாயமேற்றிய சதைச் சீவலைத் தெளியவைக்க அப்போது இதே தைலம்தான். என் சட்டை, தலையணை, சாப்பிடும் சோறு எல்லாம் கிராம்பு மணக்கும். பெண் பார்க்கப் போன வீட்டில், மாப்பிள்ளை சமையல்காரரா என்று கேட்டார்கள்.

வேலை எனக்குச் சுத்தமாகத் தெரியும், சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. அறுத்த துண்டை உடனே ஃபார்மலினிலோ ஸ்பிரிட்டிலோ போட வேண்டும், இல்லாவிட்டால் அழுகும். பிறகு மெழுகில் பதிக்க வேண்டும். ஈப்போ வெயிலில் மெழுகு குழைந்துவிடும் என்பதால் காலை ஆறரைக்கே பனிக்கட்டி வைத்து இறுக்கிச் சீவுவேன். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது நெறிக்கட்டி, அதாவது கழுத்திலும் அக்குளிலும் பட்டாணி போல் இருக்கும் நிணநீர்க் கணு. வெளியே மெல்லிய உறை. உள்ளே கருநீலச் செல்கள் வட்டம் வட்டமாகக் கூடியிருக்கும், ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் சற்றே வெளிறிய இடம். இடையிடையே வாய்க்கால்கள், உடம்பின் நிணநீர் அவற்றின் வழியே வடிகட்டப்பட்டுப் போகும். அந்த நீலச் செல்கள் என்னதான் செய்கின்றன என்று அன்றைய புத்தகங்களுக்குத் தெரியாது. தெரியாததைப் பற்றிப் பல பக்கம் எழுதியிருந்தன.

சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றிலிருந்து ஒரு புட்டி வந்தது. பால்மரம் வெட்டும் செல்லாயியின் கழுத்துக் கட்டி. சயரோகமா என்று பார்க்க வேண்டும். நான் சீவிக் கொடுத்ததைத் துரை டாக்டர் பார்த்தார். எங்கும் உருவமற்ற வெளிறிய சிவப்பு. சதை செத்திருக்கிறது, சயரோகம்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முடிவைக் கேட்க அவளை அழைத்து வந்தவர் தோட்டத்தில் காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரஸர் சவரிமுத்து. அடுத்த வாரக் கடைசியில் பினாங்கிலிருந்து கப்பல். சயரோகம் என்றால் தோட்டத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்; அதில் அவளை மட்டும் இந்தியாவுக்கு, ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். புருஷனும் நாலு வயது மகளும் தோட்டத்தில் நிற்பார்கள். சயரோகக்காரியோடு பிள்ளையை அனுப்புவதில்லை.

செல்லாயி அழவில்லை. "நான் ஏறமாட்டேன். இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல. விடியுமுன்ன எந்திரிச்சு மரம் வெட்டுறேன். சீக்காளி செய்யிற வேலையா அது?"

உள்ளே போய்ச் சீவலை மறுபடி பார்த்தேன். சயரோகத்தில் சதை திட்டுத் திட்டாகத்தான் சாகும். சுற்றிலும் உயிருள்ள செல்கள் முற்றுகையிட்டிருக்கும். இங்கே உறை உட்பட எல்லாமே வெளுத்திருந்தது.

"அண்ணே, இதை எதுல போட்டு அனுப்புனீங்க?"

"ஸ்பிரிட் ஹபிஸ்லா தம்பி, ஒரு சொட்டு இல்ல. உப்புத்தண்ணியில போட்டேன். கருவாடு கெட்டா போவுது?"

ஸ்பிரிட் எங்கே தீர்ந்தது என்பதை அவர் கண்களின் சிவப்பே சொன்னது.

"கருவாட்டை வெயில்ல காயவைப்பாங்க அண்ணே. புட்டியில நாலு நாள் ஊறவைக்க மாட்டாங்க."

அவரை மட்டும் குறை சொல்லி என்ன? புட்டி வந்ததும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது விதி. அன்று எனக்குச் சளி பிடித்திருந்தது என்று நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறேன்.

சதை செத்தது நோயால் அல்ல, புட்டியில் அழுகியதால் என்று டாக்டரிடம் சொன்னேன். கையெழுத்திட்டதை மாற்றுவதென்றால் புதுத் துண்டு வேண்டும் என்றார். வெளியே வந்து அதை நான் சொல்லி முடிக்குமுன் செல்லாயி முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள்.

"இன்னும் ரெண்டு கெடக்கு. அறுங்க."

"வலிக்கும்மா."

"கப்பல்ல ஏத்துனா வலிக்காதாக்கும்?"

இந்த முறை ஃபார்மலின் புட்டியோடு நானே பக்கத்தில் நின்றேன். அதன்பின் ஐந்து நாள். அவள் மருத்துவமனைத் தாழ்வாரத்தை விட்டு நகரவில்லை. நான் கடக்கும்போதெல்லாம், "வெந்துருச்சா?" என்பாள்.

வெந்தது. நீல வட்டங்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக, நடுவிடம் அகன்று, வாய்க்கால்கள் நெரிசலோடு தெரிந்தன. சயரோகத்தின் சுவடே இல்லை. டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு அவளை உள்ளே கூப்பிட்டுக் கொண்டையை அவிழ்க்கச் சொன்னார். தலை முழுக்கப் பேன் கடித்துச் சொறிந்த புண்கள். பழைய தாளைக் கிழித்துப் புதிதாக எழுதினார்.

தானும் பார்க்க வேண்டும் என்றாள். நுண்ணோக்கி முன் முக்காலியில் ஏறி ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.

"தலைப்புண்ணோட அழுக்கை இது கழுத்துலயே நிறுத்திப் பிடிச்சிருக்கு. அதான் வீக்கம்" என்றேன்.

"அப்ப இது அதோட வேலையைத்தான் செஞ்சிருக்கு. அதை அறுத்துப்புட்டு, என்னையும் கப்பல்ல ஏத்தப் பாத்தீங்களே."

மத்தியான ரயிலில் சுங்காய்க்குப் போய்விட்டாள். அழைத்துப்போக வந்த சவரிமுத்து அவள் மூட்டையைச் சுமந்தார்.

அந்தத் தோட்டத்தில் இப்போது பால்மரமில்லை, செம்பனை. எங்கள் பலகைக் கட்டடம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. சீவலை எப்போதோ யாரோ குப்பையில் போட்டிருப்பார்கள். போகட்டும்; அந்தக் கணுவை வட்டம் தவறாமல் இன்றும் வரைந்து காட்டுவேன். செல்லாயியின் முகம்தான் எவ்வளவு முயன்றும் வரவில்லை. அத்தனை நாளும் நான் அவள் கழுத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.