தூக்கிய வீடும் பச்சைக் கோடும்: மணவாள நகரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கோயிலுக்கோ கடற்கரைக்கோ போன பயணம் இல்லை. பொறாமையில் போன பயணம். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் மணவாள நகரில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பின்வீட்டு மும்தாஜ் வந்து ஒரு பக்கம் பிடிக்க, பிரிட்ஜை மேசைமேல் ஏற்றினோம். பிறகு நானும் கணவரும் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவள் என் ஓர்ப்படி தேவகி, அதாவது கணவரின் தம்பி மனைவி. வெளியே கொட்டும் மழை, உள்ளே காய்ந்த டைல்ஸ் தரை, வாணலியில் வெங்காய பஜ்ஜி. "இங்க ஒரு சொட்டு இல்லக்கா, நீங்க சேஃபா கீறீங்களா?" என்று விசாரிப்பு வேறு. வயிறு எரிந்தது.

அவள் வீடும் ஒரு காலத்தில் மூழ்கிய வீடுதான். சுவரை அடியில் அறுத்து, வரிசையாக ஜாக்கி வைத்து, வீட்டை அப்படியே நான்கடி தூக்கிவிட்டார்கள். எங்கள் தெருவிலோ பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, நான் வாசலில் இரண்டு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போவேன். நாமும் தூக்கிவிடலாம் என்று முடிவு செய்து, தை மாதத்தில் வேலையைத் தொடங்க ஆளையும் பேசியாயிற்று. "அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி நேர்ல பாத்துட்டு வா" என்றார் கணவர். ஐந்தடி தூக்கச் சொல்வது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். தேவகியைவிட ஓரடி கூட.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்தான், ஆனால் ரயிலில் போக வேண்டுமென்றால் சென்னையைத் தொட்டுவிட்டுத்தான் வர வேண்டும். திருவள்ளூரில் காலை ஏழே முக்கால் வாக்கில் மின்சார ரயில். சென்ட்ரல் வரை போகத் தேவையில்லை, பேசின் பிரிட்ஜில் இறங்கி மாறிக்கொள்ளலாம். டிக்கெட் இருபது ரூபாய். பெரியபாளையம் வழியாகப் பேருந்தும் உண்டு. ஐம்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் மழையில் அந்தச் சாலையை நான் நம்புவதில்லை.

எண்ணூர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் உட்காருங்கள், இரண்டு பக்கமும் தண்ணீராகத் தெரியும். மற்றவர்களெல்லாம் போட்டோ எடுத்தார்கள். எனக்குத் தண்ணீரைப் பார்த்தால் பிரிட்ஜ் ஞாபகம்தான் வருகிறது.

பத்தரை மணிக்குக் கும்மிடிப்பூண்டி. தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் நகருக்குப் போக வேண்டும் என்று ஒரு ஆட்டோக்காரரிடம் சொன்னேன்.

"தூக்குன ஊடா? நூறு ரூபா குடுங்க. ஆனா தெருமொனையிலதான் வுடுவேன். மழ பேஞ்சா அந்தத் தெருவுல வண்டி போவாது."

ஊருக்கே அடையாளம் சொல்லும்படி ஒரு வீடு! இன்னும் கொஞ்சம் எரிந்தது.

தேவகி வாசலிலேயே நின்றிருந்தாள். ஏழு படி ஏறினேன். வீட்டைச் சுற்றி மண் கொட்டி மேடாக்கி, பைக் ஏறுவதற்குத் தெரு வரைக்கும் சிமெண்டுச் சரிவு போட்டிருந்தார்கள். "எத்தினி மழ வந்தாலும் பயமே இல்லக்கா" என்றாள். ஏழாவது படியில் நின்று பார்த்தால் தெருவே தாழ்வாகத் தெரிந்தது. குறை ஏதாவது கிடைக்குமா என்று ஹால் முழுக்கத் தேடினேன். விரிசல்கூட இல்லை. சாப்பிட்டு முடிப்பதற்குள் மழை வலுத்தது. முற்றத்துத் தண்ணீரும் மாடிக் குழாய்த் தண்ணீரும் மேட்டில் நிற்காமல் சரசரவென்று இறங்கிப் போயின. எங்கே போகின்றன என்று எட்டிப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன.

தெருவோரக் கால்வாயைத் தேவகியின் சிமெண்டுச் சரிவு அடைத்துவிட்டது. வந்த தண்ணீரெல்லாம் வளைந்து பக்கத்து வீட்டு கேட்டுக்குள் நுழைந்தது. அங்கே நாகம்மா என்ற பெண் அரிசிச் சாக்கில் மண்ணை நிரப்பி வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"நீங்களும் தூக்கப் போறீங்களாமே? தேவகி சொல்லிச்சு."

"ஆமாம்மா. எங்க ஊட்லயும் தண்ணி வருது."

"நானும் கோடையில தூக்கிருவேன். அப்பறம் தண்ணி பின்னால போவும், அது லைன் ஊட்டுக்காரங்க பாடு. கம்பெனிக்கு வேலைக்கிப் போறவங்க, வாடகைக்கிக் கீறாங்க, அவங்க எங்க தூக்கறது?" சாக்கைக் காலால் அழுத்தி வைத்தாள். "உங்க பின்னூட்ல யாரு கீறாங்க?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எங்கள் பின்வீட்டில் இருப்பது மும்தாஜ். அன்று பிரிட்ஜைப் பிடித்த கை அவளுடையது. அவளும் வாடகைக்குத்தான் இருக்கிறாள்.

திரும்பும்போது அதே ஆட்டோக்காரரை வரச் சொன்னேன். அவர் அடுத்த தெரு வழியாக ஓட்டினார். அந்த மழையிலும் அங்கே தண்ணீர் நிற்கவில்லை. ஒரு வீடும் தூக்கப்பட்டிருக்கவில்லை. வீட்டுக்கு வீடு வாசற்படிக்குக் கீழே ஒரு பச்சைப் பெயிண்ட் கோடு.

"எங்க தெரு மேடம்" என்றார், தெருவே அவர் கட்டியது போல. "ரோடு போட வந்தப்போ பொம்பளைங்க எல்லாம் நடு ரோட்ல சேர் போட்டுக் குந்திக்கினாங்க. பழச சுரண்டி எடு, அப்பறம் புதுசு போடுன்னாங்க. ரோடு ஒசரம் அந்தக் கோட்டத் தாண்டக் கூடாது, எவனும் ஊட்டு முன்னால மண்ணக் கொட்டி மேடாக்கவும் கூடாது. கால்வாய் தண்ணி நேரா ஏரிக்குப் போவுது."

"கோட்டை எத வெச்சுப் போட்டீங்க?"

"எங்க தெருவுலயும் ஒரு லைன் ஊடு கீது, அது வாசல வெச்சுத்தான். அதான இருக்கறதுலயே பள்ளம்? அங்க தண்ணி ஏறலைன்னா எங்கயும் ஏறாது."

தேவகி வீட்டைப் பார்த்து எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. இந்தத் தெருவைப் பார்த்து எரிந்ததுதான் எரிச்சல். வீட்டைத் தூக்க ஆள் கிடைப்பான். இப்படி ஒரு தெருவுக்கு எங்கே போவது? பேசின் பிரிட்ஜ் வரும்வரை அதையே நினைத்துப் புழுங்கினேன்.

வீடு தூக்க யோசிப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: வெயில் நாளில் போய்ப் பார்க்காதீர்கள், மழை நாளில் போங்கள். தூக்கிய வீட்டை ஐந்து நிமிடம் பார்த்தால் போதும், பக்கத்து வீட்டு வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். ரப்பர் செருப்பு போதும், குடை அவசியம். தொழிற்பேட்டைப் பக்கம் சாப்பாட்டுக் கடைகள் மூன்று மணிக்கு மேல் மூடிவிடும்.

அட்வான்ஸ் கொடுக்கவில்லை. தை மாதம் எங்கள் தெருவுக்கு ரோடு போட ஆட்கள் வந்தார்கள். நானும் மும்தாஜும் முதலில் சேர் போட்டோம், மதியத்துக்குள் பதினோரு சேர் ஆயிற்று. முதல் கோட்டை மும்தாஜ் வாசலில் போட்டோம், எங்கள் பக்கத்தில் அதுதான் பள்ளம். இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு, சுரண்டும் இயந்திரம் வந்தது. கால்வாய் இன்னும் வரவில்லை. அதற்கும் சேர் தயாராக இருக்கிறது.

இயந்திரம் வந்த மறுநாள் தேவகி போன் செய்தாள். "அக்கா, உங்க தெருவுல ரோட்டச் சுரண்டறாங்களாமே, நெஜமாவா? இங்க நாகம்மா மூஞ்சி குடுத்தே பேச மாட்டேன்றா." குரலில் சுருதி இறங்கியிருந்தது.

இயந்திரம் ஓடுவதை முழுசாக வீடியோ எடுத்து அனுப்பினேன். அவளுக்கும் கொஞ்சம் எரியட்டும்.