மைக்கில் கேட்ட மன்னிப்பு

அக்கா நம்மை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது. "நல்லதை மட்டும் எழுதுங்க சின்னம்மா" என்று சொல்லித்தான் அவர் மகள் நினைவு மலரின் இந்தப் பக்கங்களை என்னிடம் கொடுத்தாள். அக்காவைப் பற்றி எழுத நல்லதற்குப் பஞ்சமில்லை. ஆனால் நடந்ததை முழுங்கிவிட்டு எழுத எனக்குக் கை வரவில்லை.

எழுமலையில் பிறந்தவர், விளாங்குடிக்கு வாழ்க்கைப்பட்டார். அத்தான் பரவை மார்க்கெட்டில் வெங்காயக் கடை வைத்திருந்தார். அவர் சின்ன வயதிலேயே மவுத்தாகிவிட, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்கள் முடிந்ததும் அக்காவே முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு கடையில் உட்கார்ந்தார். கோபம் மூக்குக்கு மேல் வரும். அழுகலை மூட்டைக்கு அடியில் போட்டு அனுப்பியவர்கள் அவரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதை மார்க்கெட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

படுக்கையில் விழுந்த எங்கள் அம்மாவை வைத்துப் பார்த்தவரும் அக்காதான். பெரியண்ணன் பெருநாளைக்குப் பெருநாள் எட்டிப் பார்ப்பார். அந்த அண்ணன்தான் அம்மாவின் மையித்து வீட்டில், அத்தனை சனத்துக்கு முன்னால், "நீ ஒழுங்காப் பாக்காமத்தான் அம்மா போச்சு" என்றார். மார்க்கெட்டையே அதட்டும் அக்கா அன்று முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அண்ணன் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

பின்னர் அண்ணனுக்கு ஹஜ்ஜுக்கு அமைந்தது. புறப்படுகிறவர், தான் மனம் நோகடித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்க முடியும். அண்ணன் வீடு வீடாகப் போனார், விளாங்குடிக்கு மட்டும் வரவில்லை. "அவரு வராட்டி என்னடி, நம்ம போவோம்" என்று அக்காவே என்னைக் கூட்டிக்கொண்டு, ஹாஜிகளுக்கு விளக்கக் கூட்டம் நடந்த டவுன் பழைய பள்ளிவாசலுக்கு வந்தார்.

கல்தூண்களுக்கு நடுவே இஹ்ராம் துணி உடுத்தக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பெண்கள் பக்கத்துத் திரையோரம் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் எங்களைப் பார்த்தார், எனக்கு நன்றாகத் தெரியும். செருப்புப் பார்க்கிறவரைக்கூடக் கட்டிப்பிடித்து, "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் பேசியிருந்தா மன்னிச்சிருங்கண்ணே" என்றார். பிறகு மைக்கை வாங்கி, "பொம்பளைக பக்கமும் எல்லாரும் என்னைய மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மைக்குல சொன்னது எனக்கும் சேத்துத்தானடி?" என்று கேட்டார் அக்கா.

"அம்மா மையித்துல மைக்கு வச்சா பேசுனாரு? எந்திரிக்கா, போவோம்."

பஸ்ஸில் வரும்போது, "எம் பேரச் சொல்லிக் கூப்புட்டிருந்தாப் போதும்டி, அம்புட்டையும் விட்டிருப்பேன்" என்றார். அண்ணன் ஹாஜியாகத் திரும்பி, ஆள் மூலம் ஜம்ஜம் தண்ணீர் கொடுத்தனுப்பினார். அக்கா பிஸ்மி சொல்லிக் குடித்தார். நான் அதைத் தொடவில்லை.

மூச்சு முட்டிக் கிடந்த கடைசி நாட்களில், வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் "அண்ணனா பாரு" என்பார். அண்ணன் மையித்துக்குத்தான் வந்தார். அக்காவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கும் முன், குடும்பத்துக்கு மூத்தவராக நின்று தெருவைப் பார்த்துச் சொன்னார்: "எந் தங்கச்சி யாரு மனசையாச்சும் நோகடிச்சிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிருங்க." குரல்கூடத் தழுதழுத்தது. வீட்டுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அழுகையே நின்றுவிட்டது.

ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய மார்க்கெட் தம்பிகளுக்கும், குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிய பெண்மக்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறாக்கி அனுப்பிய விளாங்குடித் தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி.

அண்ணே, இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். "அவதான் போயிட்டா, நீயாச்சும் மன்னிச்சிரும்மா" என்று என்னிடம் வந்து நிற்காதீர்கள். அது என்னிடம் இல்லை. நீங்கள் கேட்பீர்கள் என்று கடைசிவரை வைத்திருந்துவிட்டு, அக்கா கையோடு கொண்டுபோய்விட்டார்.