நான் தொட்டுப் பார்த்த நட்டு

இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் பதினைந்து வருடமாக நான்தான் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர். வெள்ளைக்காரத் துரை தன் பொம்மை விமான மோட்டாரில் புது விசிறி மாட்டும் வேலையை, சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத ஆரோக்கியத்திடம் கொடுத்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருவர் முறுக்கிய நட்டை இன்னொருவர் தொட்டுப் பார்த்த பிறகே எதையும் ஓட்டுவது எங்கள் வழக்கம். ஆரோக்கியம் விமானத்தை என்னிடம் நீட்டினான்.

"ஒருக்கா பாத்துடுங்கண்ணே."

நட்டு என் விரலுக்கே அசைந்தது. துரை முன்னால் அவன் அவமானப்படட்டும் என்று நினைத்தேன்.

"இறுக்கமாத்தான் இருக்கு" என்றேன்.

துரையின் பங்களாப் புல்வெளியில் மோட்டார் சீறியதும் விசிறி கழன்று பறந்து ஆரோக்கியத்தின் புறங்கையைக் கிழித்தது.

"யார் பாத்தது இதை?" என்று துரை கத்தினார்.

"யாரும் பாக்கலைங்க தொரை. நான் காட்டாம விட்டுட்டேங்க" என்றான் ஆரோக்கியம்.

பங்களாவிலிருந்து இறங்கி வரும்போது என்னிடம் மெல்லச் சொன்னான்: "குளிருல உங்க வெரலு மரத்துப் போச்சுன்னு தெரிஞ்சா வேலையவிட்டு நிப்பாட்டிருவாங்கண்ணே."

என் விரல் மரத்துப் போகவில்லை. அதைச் சொல்லாமல், விரல்களைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு, கொழுந்து உருட்டும் ரோலரில் முறுக்கிய நட்டையும் என்னிடமே காட்டினான். "ஒருக்கா பாத்துடுங்கண்ணே."

அவன் கைவேலை மேல் எனக்கிருந்த பொறாமை அந்த நிமிடமே செத்தது. அந்த மனசு மேல் வந்த பொறாமைதான் இன்றுவரை அடங்கவில்லை.